காற்றுப் பெட்டியும் கண்மூடி நம்பிக்கையும்

ஏலாக்குறிச்சிப் பக்கத்துத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கின்றார். அதில் அவர் கேட்டிருக்கும் கேள்வி அவர் ஒருவருக்கு மாத்திரம் சம்பந்தப்பட்டதன்று என்று நமக்குத் தோன்றுவதால், தபாலில் பதில் எழுதி முடித்துவிடாமல் இவ்வாரத் தலையங்கத்திலேயே அதை எடுத்துக்கொள்ளுகின்றோம்.

விஷயம் இதுதான். அத்தோழர் ஐம்பது வயதைத் தாண்டியவர்; சற்றுக் கனத்த சரீரம். பல வருஷங்களாகக் குறட்டை. இரவில் மூச்சு நின்று நின்று வருவதாக அவருடைய மனைவியார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகு, தஞ்சாவூருக்குப் போய்த் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, ‘ஸ்லீப் ஆப்னியா’ என்னும் தூக்க மூச்சுத் தடை வியாதி என்று தெரிந்து, சிபேப் என்னும் காற்று யந்திரத்தை வாங்கி, எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்கின்றார். குறட்டை நின்றுவிட்டது. யந்திரத்தின் முகப்பிலும் மணிக்கு இரண்டு தடவைக்கு மேல் மூச்சுத் தடை இல்லை என்றே காட்டுகின்றது. ஆனால் காலையில் தலைவலி போகவில்லை. மத்தியானம் கண் சொருகுவதும் நிற்கவில்லை. இதனால் சந்தேகங்கொண்டு, இரவு முழுதும் பதிவு செய்யக்கூடிய விரல் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தபோது, விடியற்கால வேளைகளில் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு 84, 85 என்று வெகு நேரம் நின்றிருக்கின்றது.

இதற்கு வீட்டில் மூன்று அபிப்பிராயங்கள். தாயார், “இதெல்லாம் யந்திரத்தால் தீருகிற காரியமில்லை, அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துகொள்” என்கின்றார். மைத்துனர், “யந்திரம்தான் சரியாக ஓடுகிறதே, அந்த விரல் மீட்டரைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் மாமா” என்கின்றார். மகன், “காசு போனால் போகிறதப்பா, ஒரு ஆக்ஸிஜன் பெட்டியும் வாங்கிச் சேர்த்து வைத்துவிடலாம்” என்கின்றான். இம்மூன்றில் எதைக் கேட்பது என்பது தோழரின் கேள்வி.

மூன்றையும் கேட்க வேண்டாம் என்பதே நமது பதில். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லுகின்றோம்.

முதலில் தாயார் சொன்னதை எடுத்துக்கொள்ளுவோம். கொள்ளிடத்தின் வடகரைப் பக்கத்திலுள்ள ஏலாக்குறிச்சி, வியாதி தீர வேண்டுமென்று ஜனங்கள் வண்டி கட்டி வருகிற ஊர். திருக்காவலூர் என்ற பேரால் இத்தாலியப் பாதிரியாராகிய வீரமாமுனிவர் கலம்பகம் பாடிய ஊரும் இதுவேயாகும். அரியலூர் மழவராயருக்கு உண்டான ராஜபிளவையை அவர் குணப்படுத்தியதாகவும், அதற்காக நிலம் மானியமாக விடப்பட்டதாகவும் அவ்வூரில் இன்றைக்கும் சொல்லுகின்றார்கள். அந்தக் கதை எவ்வளவு தூரம் நடந்தது என்ற ஆராய்ச்சி இப்பொழுது நமக்கு வேண்டியதில்லை. (1732இல் சதுரகராதி செய்தவரும், எகர ஒகரங்களின் குறில் நெடிலுக்கு வடிவ பேதம் ஏற்படுத்தியவரும் அந்தப் பாதிரியாரே. அந்த எழுத்து மாறுதலால் தமிழ் செத்துப்போய் விடவில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கின்றோம்.) நாம் சொல்லவந்தது வேறு. பிளவை என்பது கண்ணுக்குத் தெரிகிற வியாதி. அது ஆறினால் ஆறியது என்று ராஜாவுக்கும் தெரியும், அரண்மனை வேலைக்காரனுக்கும் தெரியும். ஆனால் இரவில் பிராணவாயு குறைகிற வியாதியோ கொண்டவனுக்கே தெரியாத வியாதி. அவன் தூங்கிக்கொண்டிருக்கின்றான். நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வந்து, “இப்பொழுது நன்றாய் இருக்கிறது” என்று அவன் சொன்னால் அதை எதைக் கொண்டு சரிபார்ப்பது? மீட்டரைக் கொண்டுதானே! எங்கே பிரத்தியட்சமாய்ப் பார்க்க முடியாதோ அங்கேதான் நம்பிக்கைக்கு நல்ல மேய்ச்சல். நடு இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறவனை ‘அமுக்குவான் பேய்’ பிடித்துக்கொண்டது என்று சொல்லித் தாயத்துக் கட்டி வந்ததும் இந்த இருட்டில்தான். ஆயினும் அந்தத் தாயாரின் பேரில் நமக்குக் கோபமில்லை. பிள்ளை சாகக்கூடாது என்று எண்ணிச் சொல்லுகிறவர் அவர்.

வியாதி என்னவென்பதைப் பார்ப்போம். நம்மவர்கள் குறட்டையைச் சுகமான தூக்கத்திற்கு அடையாளம் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். கும்பகர்ணன் தூக்கம் என்று சொல்லிச் சிரிக்கின்றோம். அவன் ஆறு மாதம் தூங்கியதற்குக் காரணம் பிரம்மா கொடுத்த வரம் என்பது புராணம். வைத்தியரைக் கேட்டால் கழுத்தின் சுற்றளவை அளந்து பார்க்கவேண்டும் என்பார்! தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளருகின்றன. நாக்கின் அடிப்பாகம் பின்னுக்குச் சாய்கின்றது. வழி குறுகினால் குறட்டை; வழி அடைத்துப்போனால் மூச்சு நிற்கின்றது. பத்து வினாடி, இருபது வினாடி, சிலருக்கு ஒரு நிமிஷம் வரையிலுங்கூட நிற்கின்றது. பிராணவாயு இறங்குகின்றது, மூளை பதறி எழுப்புகின்றது, ஒரு பெரும் உறுமலோடு மூச்சு வருகின்றது, மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடைப்பு. மணிக்கு 5 தடவைக்கு மேல் இப்படி நேர்ந்தால் வியாதி என்றும், 30 தடவைக்கு மேல் போனால் கடுமையென்றும் கணக்கு. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிஷத்திற்கு ஒரு தடவை யாரோ கழுத்தை நெரித்து விடுவது போலாகும். இதனால் இரத்தக் கொதிப்பு ஏறுகின்றது, இருதயம் கெடுகின்றது, பக்கவாதம் வருகின்றது. பகலில் வண்டி ஓட்டும்போது கண் மூடுகின்றது. அரியலூர்ச் சாலைகளில் இரவும் பகலும் ஓடுகிற சிமெண்டு லாரிகளை ஓட்டுகின்றவர்களில் எத்தனை பேர் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் என்று லாரி முதலாளிகளைக் கேட்கின்றோம்.

இது பணக்கார வியாதி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இவ்வியாதி இருக்கலாமென்று டெல்லி எய்ம்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 2023இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்குத் தமக்கு வியாதி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. கழுத்து நிறையத் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டதற்கே பேர்போன பாட்டு அமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் பம்பாயில் 69ஆவது வயதில் இறந்தபோது, தூக்க மூச்சுத் தடையும் அடிக்கடி வந்த நெஞ்சுச் சளி நோயுமே காரணமென்று அவருக்கு வைத்தியம் பார்த்தவர்கள் சொன்னார்கள். மூச்சுத் தடை ஒன்று, நெஞ்சு வியாதி ஒன்று என இரண்டு சேர்ந்திருந்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நமது ஏலாக்குறிச்சித் தோழரின் கேள்விக்குப் பதில் இந்தச் சேர்க்கையில்தான் இருக்கக்கூடும்.

இனி யந்திரத்தின் சங்கதி. 1980 வரையில் இவ்வியாதி கடுமையாய் இருந்தவர்களுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான் வழி. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வைத்தியர் காலின் சல்லிவன் என்பவர், தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதச் செய்து, அதை மூக்கு வழியாகச் செலுத்தினால் தொண்டை அடையாமல் திறந்திருப்பதைக் கண்டார். 1981இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்ததே இன்றைய சிபேப் யந்திரம். கழுத்தில் துளை போட வேண்டியிருந்த எத்தனையோ பேர் இன்று காற்றை மாட்டிக்கொண்டு நிம்மதியாய்த் தூங்குகின்றார்கள் என்றால், அது அந்த மனிதர் யோசித்ததன் பலனே தவிர வேறு யாருடைய அருளுமன்று.

ஆனால் இந்த யந்திரத்தைப் பற்றியே ஒரு மூடநம்பிக்கை நம் ஜனங்களிடையே வளர்ந்திருக்கின்றது. மூக்கில் மாட்டியிருப்பதைப் பார்த்தவுடன் அது ஆக்ஸிஜன் கொடுக்கின்றது என்று எண்ணிவிடுகின்றார்கள். அது பிராணவாயுவைக் கொடுப்பதில்லை. அறையிலுள்ள அதே காற்றை, நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உள்ள காற்றை, சற்று அழுத்தி அனுப்புகின்றது, அவ்வளவுதான். நமக்காக அது மூச்சு விடுவதுமில்லை. மூச்சை நாமேதான் விட வேண்டும்.

கொள்ளிடக்கரை விவசாயிக்குப் புரியும்படி சொல்லுகின்றோம். தொண்டை என்பது வாய்க்கால். நுரையீரல் வயல். மதகைத் திறந்து மூடுகிற ஆள் மூளை. சிபேப் யந்திரம் செய்கிற வேலை, வாய்க்கால் கரை சரிந்து அடைத்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுப்பது மாத்திரமே. கரை சரிவதுதான் கோளாறு என்றால் முட்டுக் கொடுத்தவுடன் பயிர் பிழைத்துவிடும். பெரும்பாலோருக்கு அப்படித்தான் நடக்கின்றது. ஆனால் மதகுக்காரன் பாதிதான் திறக்கின்றான் என்றாலோ, வயலே உவர் பாய்ந்து தண்ணீரைக் குடிக்கவில்லை என்றாலோ, வாய்க்காலுக்கு எத்தனை முட்டுக் கொடுத்து என்ன பிரயோஜனம்? “வாய்க்கால் நன்றாய் இருக்கின்றதே, பயிர் ஏன் வாடுகிறது?” என்று கேட்பது நியாயமான கேள்வி. “வாய்க்கால் நன்றாய் இருப்பதால் பயிர் வாடவில்லை” என்று சொல்லுவது மைத்துனர் செய்கிற காரியம்.

நிற்க, மீட்டரைச் சந்தேகிக்கவே கூடாதா என்றால், நன்றாய்ச் சந்தேகிக்கலாம். சந்தேகிப்பது வேறு, குப்பையில் போடுவது வேறு. விரல் மீட்டர் என்பது சிவப்பு வெளிச்சம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் ஒன்றும் விரலுக்குள் பாய்ச்சி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றது என்பதைக் கொண்டு இரத்தத்தின் நிறத்தைக் கணக்கிடுகிற கருவி. ஜப்பான் தேசத்து இஞ்சினீயர் தக்குவோ அவோயாகி என்பவர் 1970களில் கண்டது. 2020, 2021 கொரோனாக் காலத்தில் இது நம் கிராமங்களிலும் வீடு தேடி வந்துவிட்டது. விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகக் காட்டும். நகப்பூச்சு இருந்தால் தப்பாகக் காட்டும். தூக்கத்தில் கை அசைந்தோ கிளிப்பு நழுவியோ போனால் திடீரென்று 70 என்று விழுந்து உடனே 96க்கு ஏறும். ஆகையால் ஒற்றை எண்ணைப் பார்த்து அலறுவதில் அர்த்தமில்லை. எவ்வளவு நேரம் கீழே நின்றது என்பதே கேள்வி. 90 வரையில் இறங்குவது மேட்டிலிருந்து மெதுவாகச் சரிகிற பாதை. 90க்குக் கீழே போனால் செங்குத்துப் பள்ளம். 88க்குக் கீழே ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிலைத்து நின்றால் வைத்தியர்கள் அதை அலட்சியம் செய்வதில்லை. நம் தோழருக்கு வெகு நேரம் 84, 85 என்று நின்றிருக்கின்றது. வேறொரு நல்ல மீட்டரைக் கொண்டு இன்னும் இரண்டு இரவு பார்த்து அப்படியே இருந்தால், மீட்டரின் பேரில் பழி போடுவதற்கு இடமில்லை.

அன்றியும் இந்த மீட்டரைப் பற்றி நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒரு செய்தி இருக்கின்றது. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையார் 2020 டிசம்பரில் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் இரத்தத்தை நேராக எடுத்துச் சோதித்ததில், உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் நூற்றுக்கு 3.6 பேர், கருப்பர்களில் 11.7 பேர். அதாவது கருத்த தோலுக்கு இம்மீட்டர் உள்ளதை விட அதிகமாய்க் காட்டிவிடக்கூடும். கருவியை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் வெளுத்த விரல்களைக் கொண்டே அளவு பிடித்திருந்ததால் வந்த வினை இது. நம் வயல்வெளி உழைப்பாளியின் விரல் எந்த நிறம் என்பதை நாம் சொல்ல வேண்டுமா? ஆகவே கருத்த விரலில் 85 என்று காட்டினால், “மீட்டர் குறைத்துக் காட்டுகிறது” என்று ஆறுதலடைவதை விட, உண்மை இதற்கும் கீழே இருக்குமோ என்று கேட்பதே புத்திசாலித்தனமாகும்.

மீட்டர் சரியென்று வைத்துக்கொண்டால் அடுத்தபடி யந்திரத்தையும் மாஸ்க்கையும் பார்க்க வேண்டும். மூக்கில் மாட்டியிருந்தும் வாய் திறந்துகொண்டால் காற்றெல்லாம் வாய் வழியே ஓடிவிடும். மீசை தாடியின் மேல் மாஸ்க் சரியாய்ப் படியாமல் ஒழுகும். மல்லாந்து படுக்கையிலும், கனவு காணும் விடியற்காலத் தூக்கத்திலும் தொண்டை அதிகமாய்ச் சரிவதால், முன்னிரவுக்குப் போதுமான அழுத்தம் பின்னிரவுக்குப் போதாமற்போகும். யந்திரம் வாங்கின பிறகு உடம்பு பெருத்தவர்களுக்கும், படுக்கப்போகுமுன் சாராயமோ தூக்க மாத்திரையோ போடுகிறவர்களுக்கும் பழைய அழுத்தம் உதவாது. இவற்றில் பிராணவாயுவின் வரைபடம் ரம்பப் பல்லைப் போல் ஏறி இறங்கும். அழுத்தத்தையும் மாஸ்க்கையும் சரிசெய்தால் பல் மழுங்கிவிடும்.

நம் தோழருக்கோ ரம்பப் பல் இல்லை. யந்திரம் மணிக்கு இரண்டு தடைதான் என்கின்றது. பிராணவாயு மாத்திரம் பலகை போட்டாற்போல் கீழேயே கிடக்கின்றது. இப்படி இருந்தால் வாய்க்காலை விட்டுவிட்டு வயலையும் மதகையும் பார்க்கவேண்டும் என்பதே வைத்திய நூலோர் முடிவு. வயல் என்பது நுரையீரல்: பல வருஷம் பீடி குடித்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையில் வெந்தவர்களுக்கும், கல்லுடைப்பிலும் ஆலையிலும் தூசி தின்றவர்களுக்கும் அது கெட்டிருக்கலாம். சுண்ணாம்புக்கல் தோண்டி சிமெண்டு செய்கிற ஜில்லாவில் இதை விசேஷமாய்ச் சொல்ல வேண்டியதில்லை. இருதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். மதகு என்பது மூச்சின் அளவு: சரீரம் மிகப் பெருத்தவர்களுக்கு மார்பும் வயிறும் அழுத்தி, தூக்கத்தில் மூச்சு ஆழமில்லாமல் மேலோட்டமாகப் போய்விடும். சார்லஸ் டிக்கன்ஸ் 1836இல் எழுதத் தொடங்கிய பிக்விக் கதையில், எப்பொழுதும் தூங்கி வழிகிற ஒரு பருத்த பையன் வருகின்றான். அவனை நினைத்தே 1956இல் அமெரிக்க வைத்தியர்கள் இந்த நிலைமைக்குப் பிக்விக் வியாதி என்று பேரிட்டார்கள். கதை படித்தவர்கள் 120 வருஷம் சிரித்த பிறகு அது வியாதி என்று தெரிந்தது!

மூச்சு மேலோட்டமாய்ப் போனால் இரண்டு கெடுதல் நேருகின்றது. பிராணவாயு உள்ளே போவது குறைகின்றது; கரியமில வாயு வெளியே போவதும் குறைகின்றது. விரல் மீட்டர் முதற்கெடுதலைத்தான் காட்டும். இரண்டாவதைக் காட்டாது. காலைத் தலைவலி, தெளியாத மயக்கம், குழப்பம் இவையெல்லாம் கரியமில வாயு தேங்குவதற்கு அடையாளமாய் இருக்கக்கூடும். அதைத் தெரிந்துகொள்ள மணிக்கட்டு நாடியிலிருந்து இரத்தம் எடுத்து வாயுப் பரிசோதனை செய்ய வேண்டும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் என்னும் உப்பின் அளவு 27 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் சந்தேகிக்கலாம்.

இந்த இடத்தில்தான் மகனுடைய யோசனையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கின்றது. மூன்றிலும் மிகவும் புத்தியுள்ளதாய்த் தோன்றுவதும், மிகவும் அபாயமானதும் அதுவேயாகும். பிராணவாயு குறைகின்றது, ஆகவே பிராணவாயு கொடு என்பது கேட்பதற்கு நியாயமாய் இருக்கின்றது. ஆனால் கரியமில வாயு தேங்குகிற உடம்புக்கு, காரணம் பாராமல் ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டால் மீட்டரில் 96 என்று அழகாய் நிற்கும். உள்ளேயோ கரியமில வாயு இன்னும் ஏறும். வீட்டார், “எண் நன்றாய் இருக்கின்றது” என்று சொல்லிக்கொண்டு படுப்பார்கள். நோயாளி காலையில் எழுப்பினாலும் எழாத மயக்கத்தில் கிடப்பான். சிலருக்கு மூச்சை உள்ளே தள்ளவும் வெளியே விடவும் இரண்டு வெவ்வேறு அழுத்தம் கொடுக்கிற பைபேப் யந்திரம் வேண்டியிருக்கும். சிலருக்கு சிபேப்போடு கூட ஆக்ஸிஜனும் வேண்டியிருக்கும். அதை நாம் மறுக்கவில்லை. எவ்வளவு, யாருக்கு, எப்பொழுது என்பதைப் பரிசோதித்த வைத்தியர் அளந்து சொல்லவேண்டுமே தவிர, கடையில் சொல்லக்கூடாது. ஆக்ஸிஜன் வைத்த அறையில் பீடியும் மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியும் கூடாது என்பதையும் அந்தத் தாயாருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

எண் நன்றாயிருந்தால் எல்லாம் நன்று என்று நினைப்பதில் என்ன அபாயம் என்பதற்கு ஒரு உதாரணம். தொண்டை அடையாமலே, மூளை கட்டளை அனுப்பாததால் மூச்சு நிற்கிற ஒரு வகையும் உண்டு. இருதயம் பலவீனமானவர்களுக்கு இது அதிகம். இவர்களுக்காக, மூச்சு குறையும்போது தானாகவே காற்றைக் கூட்டிக் கொடுக்கிற கெட்டிக்கார யந்திரம் ஒன்றைச் செய்தார்கள். அதை மாட்டியவுடன் மூச்சுத் தடைகள் மறைந்தன. எண்கள் அழகாயின. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் விஞ்ஞானிகள் சந்தோஷத்தோடு நிற்காமல், பிழைத்தவர் எத்தனை, செத்தவர் எத்தனை என்று எண்ணினார்கள். இருதயத் துடிப்பு மிகவும் குறைந்த பலமுடையவர்களில், யந்திரம் மாட்டாதவர்களை விட மாட்டியவர்களே இருதய நோயால் அதிகமாய் இறந்தார்கள் என்று 2015இல் தெரிந்தது. யந்திரம் விற்ற கம்பெனியே செலவு செய்து நடத்திய ஆராய்ச்சி அது! உடனே அவ்வகையாருக்கு அதை மாட்டக்கூடாது என்று எச்சரிக்கையும் வந்தது. எந்தக் கோவிலிலாவது, நேர்ந்துகொண்டவர்களில் பிழைத்தவர் எத்தனை, செத்தவர் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, “இவ்வகையார் இனி நேர்ந்துகொள்ள வேண்டாம்” என்று பலகை எழுதி மாட்டியதுண்டா? 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனியார் தங்கள் யந்திரங்களுக்குள் சத்தத்தைக் குறைப்பதற்காக வைத்த பஞ்சு நைந்து, துகளாய் மூச்சுக்குள் போகக்கூடும் என்று லட்சக்கணக்கான யந்திரங்களைத் திரும்ப அழைத்ததையும் இங்கே ஞாபகப்படுத்துகின்றோம். பழைய யந்திரத்தை இரண்டாம் கையாய் வாங்குகிறவர்கள் எந்த மாதிரி, எந்த வருஷத்தது என்று கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

வியாபாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல பதினாயிர ரூபாய் வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்து, மாட்டுகிற விதத்தை ஐந்து நிமிஷத்தில் காட்டிவிட்டு, “இனிமேல் கவலையில்லை” என்று அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கின்றார்கள். யந்திரத்தின் பதிவை ஒரு மாதம் கழித்துப் பார்ப்பவர் யார்? மாஸ்க்கை மாட்டியபடியே இரவில் பிராணவாயு எப்படி இருக்கின்றது என்று அளப்பவர் யார்? விற்றவருக்கு அது லாபமில்லாத வேலை. அதனால்தான் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு இதில் ஒரு கடமை இருக்கின்றது என்கின்றோம். 2022 ஜனவரியில் அரியலூரிலேயே சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கின்றது. இரவு முழுதும் பதிவு செய்கிற விரல் மீட்டர் அப்படியொன்றும் குபேரன் சொத்தன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு இரண்டொன்று வைத்து, புஸ்தகசாலையில் புஸ்தகம் கொடுப்பதுபோல் ஓர் இரவுக்கு இரவல் கொடுத்து வாங்கினால், எத்தனை பேருடைய தூக்கத்தின் யோக்கியதை வெளியே வரும்! 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் வீடுதோறும் இரத்தக் கொதிப்பு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கின்றார்கள். மூன்று மாத்திரை போட்டும் கொதிப்பு இறங்காதவர்களிடம், “இரவில் குறட்டை உண்டா, மூச்சு நிற்பதுண்டா?” என்று ஒரு கேள்வி கேட்கச் செய்வதற்குத் தனி வரி ஒன்றும் போடவேண்டியதில்லை.

நமது தோழர் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகின்றோம். நாம் வைத்தியரல்ல, அவருக்கு இன்ன வியாதிதான் என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. யந்திரத்தை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். அது தொண்டையைக் காக்கிறது வரையில் தன் வேலையைச் சரியாய்த்தான் செய்கின்றது. யந்திரத்தின் பதிவுச் சில்லையும், மீட்டரின் இரவு வரைபடத்தையும், தாம் சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நெஞ்சு நோய் வைத்தியரிடம் இந்த வாரமே போகட்டும். அடுத்த மாதம் என்று தள்ள வேண்டாம். போய், “மூச்சுத் தடை நின்றும் பிராணவாயு ஏன் குறைகின்றது? கரியமில வாயுவைப் பார்த்தீர்களா? நுரையீரலை ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் இருதய எக்கோவும் வேண்டுமா? மாஸ்க்கோடு ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்து அழுத்தத்தை அளந்து பார்க்கலாமா?” என்று கூச்சமின்றிக் கேட்கட்டும். வைத்தியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஜனங்களுக்கு ஒரு எண்ணம் உண்டு. வைத்தியர் அர்ச்சகரல்ல. நல்ல வைத்தியர் கேள்வியைக் கண்டு கோபிக்கமாட்டார். பகலிலேயே உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினால் தெளியாத மயக்கம் வந்தாலோ, வாரம் வரையில் காத்திராமல் 108க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாக, தோழர் தம் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்தை நாம் விட்டுவிட மனமில்லை. அவருடைய மூச்சு நிற்பதை முதலில் கண்டவர் அவருடைய மனைவியார். கண்டது எப்படி? தாம் தூங்காமல் விழித்திருந்து கண்டார். எத்தனை வருஷம்! நம் நாட்டு ஆண்களின் இவ்வியாதிக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் பெண்களே. ஆனால் பெண்ணுக்கு இவ்வியாதி வந்தால் சாட்சி யார்? குறட்டை விடுகிற ஆண் நன்றாய்த் தூங்குகின்றான். குறட்டை விடுகிற பெண்ணோ அடக்கமில்லாதவள் என்று பேர் வாங்குகின்றாள். அதற்குப் பயந்து எத்தனையோ பெண்கள் தங்கள் குறட்டையை வெளியில் சொல்லுவதில்லை. புருஷன்மார் விழித்திருந்து பார்ப்பதுமில்லை. மேற்படி டெல்லிக் கணக்கில் ஆண்களில் நூற்றுக்கு 13 பேருக்கும் பெண்களில் 5 பேருக்கும் இவ்வியாதி என்றிருக்கின்றது. மாதவிடாய் நின்ற வயதுக்குப் பிறகு பெண்களுக்கு இது அதிகப்படுகின்றது என்பதும் தெரிந்த விஷயம். பெண்களுக்கு வியாதி உறுமலாய் வெளிப்படாமல், களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று வெளிப்படுவது உண்டு. அதை அடுப்படி வேலையின் களைப்பு என்றும், ‘எப்பொழுதும் இப்படித்தான் முனகுவாள்’ என்றும் தள்ளிவிடுகின்றோம். விறகடுப்புப் புகையில் நுரையீரல் கெடுவதும் அவளுக்கே. இரவல் வாங்கிய அந்த மீட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு தம் மனைவியாரின் விரலிலும் மாட்டிப் பார்க்கும்படி தோழரைக் கேட்டுக்கொள்ளுகின்றோம். அன்றிரவு அவர் விழித்திருந்து எழுதி வைக்கட்டும்.